எண்ணெய் தேய்த்துக் குளித்த மோட்டார் சைக்கிள்

மாடக்கண்ணு அண்ணாச்சியின் உள்ளங்கையைப் பார்த்தால் அவர் மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஷெட்டில் மற்றவர்களுக்கெல்லாம் கை காய்த்து, நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருக்கும். அவருடைய கை மட்டும் வெண்ணெய் எடுத்த கை மாதிரி வழவழப்பாக இருக்கும். பதினைந்து வருஷம் குற்றாலத்தில் மனிதர்களுக்கு எண்ணெய் தேய்த்த கை அது.

சீசன் மாதங்களில் பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கை ஓயாது. மற்ற ஒன்பது மாதமும் கைக்கு வேலை இருக்காது. விறகு சுமப்பார், அறுப்புக்குப் போவார், எதுவும் இல்லாவிட்டால் சும்மா இருப்பார்.

1955 சீசனில் சிவசைலம் ஐயா அந்தப் பாறையில் வந்து குப்புறப் படுத்தார். தென்காசியில் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. மோட்டார் சைக்கிள் பைத்தியம். முந்தின வருஷம்தான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் ஒரு பெரிய ஷெட்டைப் போட்டு, சாரல் மோட்டார் கம்பெனி என்று பெயர் எழுதி வைத்திருந்தார். சாமான் சுமக்கும் வண்டி இல்லை. பந்தயத்தில் ஓடும் வண்டி. இஞ்சின் மட்டும் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் தூத்துக்குடி வந்து இறங்கும். சட்டம், டாங்க், சீட்டு எல்லாம் எங்கள் ஷெட்டில் செய்தது. இரும்புக் குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டிச் செய்த அந்தச் சட்டத்தில்தான் இஞ்சின், சக்கரம், சீட்டு எல்லாம் ஏறி உட்காரும்.

மாடக்கண்ணு அண்ணாச்சி அவர் முதுகில் கையை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாராம்.

"ஐயா, வலது தோளுல விழுந்திருக்கிய. ரெண்டு வருசம் இருக்கும். எலும்பு கூடிட்டு, ஆனா நேராக் கூடல."

"எப்படிவே தெரியும்?"

"எனக்குத் தெரியல ஐயா. கைக்குத் தெரியுது."

சிவசைலம் ஐயா குளித்து முடித்ததும் ஈரத் துண்டோடு அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்து நேராக ஷெட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். தகடு அடித்துச் செய்த ஒரு பெட்ரோல் டாங்க்கை முன்னால் வைத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. "இங்கன ஒரு பள்ளம் இருக்கு." மூன்று பேர் வெளிச்சத்தில் பார்த்தும் கண்ணில் படாத பள்ளம். மறுநாளிலிருந்து அவர் மாதச் சம்பள ஆள் ஆனார். டாங்க்கைத் தேய்த்து மட்டமாக்குவது அவர் வேலை.

இதையெல்லாம் நான் பார்த்தேன். அந்த ஷெட்டின் கிழக்கு மூலையில் உட்கார்ந்து ரெக்சின் சீட்டு தைத்துக்கொண்டிருந்தவள் நான். அப்பா இறந்ததும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, அம்மாவின் தையல் மிஷினோடு வேலைக்கு வந்தேன். எனக்கு அதிகம் பேச்சு வராது. பார்க்க வரும்.

அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்ததில் அவர் மனைவி ஆவுடைத்தாய்க்குப் பெருமைதான். ஆனால் வாயில் அது கேலியாகத்தான் வரும். "மனுசனத் தடவினது போதாதுன்னு இப்ப இரும்பத் தடவப் போறாவ. இரும்பு என்ன, நல்லாருக்குன்னு சொல்லவா போகுது?" என்பாள். அவர்களுக்கு ஒரே மகள், குழல்வாய்மொழி. அந்தச் சம்பளத்தில்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். அவள் சாயங்காலம் அப்பாவைத் தேடி ஷெட்டுக்கு வந்தால் என் மூலையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். நான் தைத்துக்கொண்டே கேட்பேன். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு எல்லாம் நான் படித்தது அப்படித்தான்.

கம்பெனிக்கு 1957இல் கெட்ட காலம் தொடங்கியது. விற்ற வண்டிகளில் ஒன்று மதுரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் முறிந்தது. கைப்பிடியைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தைத்தான் நாங்கள் கழுத்து என்போம். ஓட்டியவருக்குக் கை முறிவு. ஆறு மாதத்தில் இன்னொன்று. பிறகு பந்தயத்தில் எல்லார் கண்ணெதிரிலும் ஒன்று. பத்தொன்பது வண்டி விற்றதில் நான்கு முறிந்தன. ஏன் என்று சிவசைலம் ஐயாவுக்குத் தெரியவில்லை. அதே குழாய், அதே பித்தளை ஒட்டு, அதே கை. சில வண்டி மூன்று வருஷமாகக் கல்லுப்போல ஓடுகிறது, சில வண்டி முறிகிறது. வண்டி கேட்டு எழுதியவர்கள் எல்லாம் வேண்டாம் என்று எழுதினார்கள். பதினோரு இஞ்சின் பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

1959 தை மாதம் கம்பெனி கைமாறியது. வாங்கியவர் புளியங்குடி ஒலி முகம்மது முதலாளி. எலுமிச்சம்பழம் ஏற்றிப் போகும் லாரிகள் அவருக்கு இருந்தன. பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. முதல் நாள் வந்து வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல எத்தன மூடை பழம் ஏத்தலாம்?"

சிவசைலம் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது பந்தய வண்டி மொதலாளி."

"சரி, பந்தயத்துக்கே போகட்டும். ஆனா நான் லாரிக்காரன். மலை ஏறி இறங்காத வண்டிய நான் வண்டின்னு ஒத்துக்கிட மாட்டேன். புது வண்டி ஒண்ணு செய்யுங்க. பின்னால ஒரு மூடை பழத்தக் கட்டுங்க. ஆரியங்காவு போயிட்டுத் திரும்பி வரணும், அறுபது தடவ. தீபாவளிக்குள்ள முடிஞ்சா கம்பெனி நடக்கும். முறிஞ்சா இந்த ஷெட்டு எனக்கு எலுமிச்சம்பழக் குடோன்."

அப்படிச் சொன்னாலும் சிவசைலம் ஐயாவை அவர் வெளியே அனுப்பவில்லை. மானேஜராக வைத்துக்கொண்டார். வேலை பார்த்த பதினான்கு பேரையும் வைத்துக்கொண்டார், தீபாவளி வரைக்கும்.

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாய் ஷெட்டு வாசலுக்கு வந்திருந்தாள். கேலி எதுவும் இல்லை. "பாக்கியம், இவுக திரும்பப் பாறைக்குப் போனா இந்தப் பிள்ளை படிப்பு அவ்வளவுதான் பாத்துக்க. இப்ப எட்டாவது" என்றாள் என்னிடம். குழல்வாய்மொழி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சத்தமாகப் படிக்கவில்லை.

குழாய் வந்து சேர நாளாகி, சோதனை வண்டி ஆடி மாதம் தயாரானது. சட்டத்துக்கு வர்ணம் அடிக்கவில்லை. ஓடிப் பார்த்துவிட்டு அடிக்கலாம் என்று வெறும் இரும்பாக விட்டிருந்தார்கள். ஓட்டியவன் இசக்கியப்பன். அச்சன்புதூர்ப் பையன், இருபத்துநான்கு வயது, துடுக்கு அதிகம். பழ மூடையைக் கட்டிக்கொண்டு செங்கோட்டை வழியாக மலை ஏறி ஆரியங்காவு போய்த் திரும்புவான். திரும்பும்போது நான் தைத்த சீட்டில் எலுமிச்சம்பழ வாசனை அடிக்கும். நாள் ஒன்று, நாள் ஒன்று என்று புரட்டாசிக்குள் நாற்பத்துமூன்று தடவை ஆகிவிட்டது. எல்லாருக்கும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார். மாதக்கணக்காகச் சாரலில் நனைந்த சட்டம் முழுவதும் செந்துரு பூத்திருந்தது. நாளைக்குப் பூஜை. இப்படியா சாமி முன்னால் நிற்பது? அவருக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணம் நிறையக் கொண்டு வந்தார்.

அவர் தேய்த்ததை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். கழுத்தில் தொடங்கினார். சூடான எண்ணெயை ஊற்றி, கட்டை விரலால் அழுத்தி, குழாய் குழாயாக இறங்கினார். கம்பி கம்பியாகச் சக்கரத்துக்குத் தேய்த்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளையையும் விடவில்லை. மனுஷனுக்குக் குதிகால் வரை தேய்ப்பவர் இரும்புக்கு மட்டும் பாதியிலா விடுவார்? தேய்த்து முடித்து வண்டியை வெயிலில் நிறுத்தி, மத்தியானம் வரை ஊறவிட்டார். பிறகு சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்தார். வண்டி மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

நாற்பத்துநான்காவது தடவைக்கு இசக்கியப்பன் மூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான், வண்டியைத் தள்ளிக்கொண்டு. தலை முதல் கால் வரை சேறு. கண் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"யாருலே அது பிரேக்குக்குள்ள எண்ண ஊத்தினது?" என்று வாசலிலேயே கத்தினான். "இலஞ்சித் திருப்பத்துல எரும நிக்குது. பிரேக்க மிதிக்கேன், மிதிக்கேன், வண்டி வழுக்கிக்கிட்டே போகுது. எரும என்னப் பாக்குது, நான் எருமயப் பாக்கேன். கடசில வயக்காட்டுல போயி நட்டமா நிக்கேன். நடவு நட்ட பொம்பளயெல்லாம் நாத்த விட்டுட்டுச் சிரிக்காளுவ!"

நல்லவேளை, நடந்தது இலஞ்சியில். மலைப்பாதையில் நடந்திருந்தால் சிரிக்க ஆள் இருந்திருக்கமாட்டார்கள். அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"நான்தான் தம்பி. துரு ஏறியிருந்தது. எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனேன்."

சிவசைலம் ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டார். "பிரேக்குக்கு எண்ண தேச்ச ஆளு உலகத்துலயே நீர் ஒருத்தர்தான்வே. அந்த உருளைக்குள்ளதான பிரேக்கு இருக்கு! அது புடிக்கணும், வழுக்கக்கூடாது! இருக்கதே மூணு வாரம். நாளைக்கு மொதலாளி வாராரு. பூச முடியட்டும், திங்கக்கிழம உம்ம சங்கதியப் பேசுவோம்."

மறுநாள் முதலாளி ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். "சக்கரத்துக்கு அடியில வைக்க எங்க ஊருப் பழம் இல்லாம என்ன பூச?" என்று அவரே நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தார். வண்டியை நடுவில் நிறுத்தி மாலை போட்டார்கள். ஒட்டு வேலை பார்க்கும் நல்லக்கண்ணு, விபூதியைத் தண்ணீரில் குழைத்து வண்டிக் கழுத்தில் பட்டை போட்டார். நெற்றி இல்லாத வண்டிக்குக் கழுத்துதான் நெற்றி. அவருக்குக் கை கொஞ்சம் தாராளம்; மூன்று பட்டையும் சேர்ந்து ஒரே வெள்ளையாகக் காய்ந்தது. நான் தேவாலயம் போகிறவள். ஓரமாக நின்று பார்த்துப் பொரிகடலை வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியும் ஓரமாகத்தான் நின்றார். பொரிகடலை அவர் கையில் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஷெட்டுக்கு முதலில் வந்தவள் நான். வண்டி மாலையோடு நின்றது. கழுத்தில் இருந்த வெள்ளைப் பட்டையில், முந்தின நாள் இல்லாத ஒரு கோடு இருந்தது. தலைமுடி அளவு. பழுப்பு நிறம். கழுத்துக்குக் கீழே குழாயைச் சுற்றிப் பாதி வரை போயிருந்தது. முதலில் எறும்பு வரிசை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். எறும்பு இல்லை.

அப்போது அண்ணாச்சி ஈரத் துணியோடு வந்தார். பூஜை அடையாளத்தைத் துடைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவர் மாதிரி இருந்தது. துணியைக் கழுத்துப் பக்கம் கொண்டு போனார்.

"அண்ணாச்சி, தொடைக்காதிய!"

நான்தான் சொன்னேன். அந்த ஷெட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். நான் கோட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"மிளகு வாசன. நான் தேச்ச எண்ணதான இது?" என்றார். "எல்லா இடமும் ஒட்டத் தொடச்சேனே பாக்கியம். இங்கன மட்டும் எப்படி மிஞ்சிச்சு?" நகத்தை அந்தக் கோட்டின் மேல் குறுக்கே இழுத்தார். ஒரு இடத்தில் நகம் நின்றது. "எண்ண உள்ள போயிருக்கு. உள்ள போவ ஒரு வழி இருக்கு."

சிவசைலம் ஐயா வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல். குழாயைப் பாதி அறுத்திருந்தது. வெடிப்புக்குள் ஊறிப் போன எண்ணெய், துடைத்த பிறகும் உள்ளேயே இருந்து, மெல்லக் கசிந்து விபூதியை நனைத்திருக்கிறது. எண்ணெய் தேய்க்காவிட்டால் தெரிந்திருக்காது. விபூதி பூசாவிட்டாலும் தெரிந்திருக்காது.

இசக்கியப்பன் வந்து பார்த்தான். இன்னும் எத்தனை தடவை மலை ஏறியிருந்தால் கழுத்து முறிந்திருக்கும் என்று அவனே மனதில் எண்ணியிருப்பான். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, அந்த எருமய எங்கனன்னு தேடிக் கண்டுபிடிச்சு ஒரு மாலை போடணும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிவசைலம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "விரிசல் தெரிஞ்சிட்டு. ஏன் விழுதுன்னு தெரியலியே. இன்னொரு சட்டம் செஞ்சா அதுவும் இப்படித்தான போகும்?" என்றார்.

எனக்கு அப்போது என் மூலையில் அடுக்கியிருந்த சீட்டுகள் நினைவுக்கு வந்தன. முறிந்து திரும்பி வந்த நான்கு வண்டிகளின் சீட்டுகள். சாரல் காலத்தில் ஈரத்தில் நூல் இற்றுப்போகும் என்று அந்த மூன்று மாதமும் நான் நூலுக்கு மெழுகு பூசித் தைப்பேன். மற்ற மாதங்களில் பூசமாட்டேன். போய்ப் புரட்டிப் பார்த்தேன். நான்கிலும் மெழுகு நூல். அதை எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அண்ணாச்சியிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

அவர் மெதுவாகச் சொல்லவில்லை. "ஐயா, பாக்கியம் என்ன சொல்லுதான்னு கேளுங்க! முறிஞ்ச நாலும் சீசன்ல செஞ்ச வண்டியாம். இந்த வண்டியும் ஆடியிலதான செஞ்சோம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அண்ணாச்சி மேற்கே திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு நேர் கீழேதான் நல்லக்கண்ணு உட்கார்ந்து குழாயைச் சிவக்கக் காய்ச்சிப் பித்தளை ஒட்டுவார்.

"ஐயா," என்றார் அண்ணாச்சி, "பாறையில எண்ண தேச்சு உடம்பு சூடேறி இருக்க ஆள நாங்க நேரே அருவிக்குள்ள விடமாட்டோம். கொஞ்சம் உக்கார வச்சு, சூடு ஆறினப்புறந்தான் விடுவோம். இல்லன்னா கழுத்துல புடிச்சிக்கிடும், ஆளு ஒரு வாரத்துக்குத் தலயத் திருப்பமாட்டான். இந்த சன்னல் வழியா சீசன்ல சாரல் அடிக்குமே. நல்லக்கண்ணு காய்ச்சின சூட்டுல அது மேல படுமா, படாதா?"

நல்லக்கண்ணுதான் முதலில் பேசினார். "படும். சுர்ருன்னு சத்தம் கேக்கும். உள்ள அனல் தாங்காதுன்னு அந்த சன்னலக் கேட்டு வாங்கினதே நான்தான்."

"வெட்டிக் குடுத்தது நான்" என்றார் சிவசைலம் ஐயா. சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் அது கண்ணாடிபோலத் தெறிக்கும் தன்மைக்கு வந்துவிடும் என்று அவர் பிறகு எங்களுக்கு விளக்கினார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தென்காசியில் பிறந்தவருக்குச் சாரலைத் தண்ணீர் என்று நினைக்கத் தோன்றவில்லை. அது எங்களுக்குக் காற்று மாதிரி.

செய்தி கேட்டு மத்தியானம் முதலாளி வந்தார். ஒவ்வொருவரும் தன்மேல்தான் தப்பு என்று சொல்வதைக் கேட்டு அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சன்னல் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அடுப்பத் தூக்கி அங்கிட்டு வையிங்கவே!"

"தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாளுதான் இருக்கு மொதலாளி" என்றார் சிவசைலம் ஐயா.

"பேச்சு பேச்சுதான். குடோனுக்கு நாள் குறிச்சாச்சு" என்றார் முதலாளி. வாசல் வரை போனவர் திரும்பி, "மாடக்கண்ணு சங்கதி ஏதோ பேசணும்னு நேத்து சொன்னியளே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி" என்றார் சிவசைலம் ஐயா. "இன்னொரு கிண்ணம் எண்ண வேணும்னு கேட்டாரு."

அடுப்பு, சாரல் எட்டாத கிழக்கு அறைக்குப் போனது. கதவையெல்லாம் சாத்திக்கொண்டு நல்லக்கண்ணு வியர்வையில் குளித்தார். ஒட்டிய சட்டத்தை உடனே வெளியே எடுக்காமல், அரிசி மில்லிலிருந்து கொண்டு வந்த சுடு உமிச்சாம்பலில் புதைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிட்டார்கள். அது அண்ணாச்சி சொன்ன வழி. "மெதுவா ஆறட்டும். அவசரப்படுத்தக்கூடாது" என்று குழந்தைக்குப் போர்த்துவதுபோலச் சாம்பலை மூடினார். ஐந்து நாளில் வண்டி எழுந்தது. பதினான்கு நாளில் அறுபது தடவை. இசக்கியப்பன் விடிந்தால் கிளம்பி இருட்டும் வரை மலை ஏறி இறங்கினான். ஐப்பசி மழை அவனை ஒரு நாளும் விடவில்லை. ஆரியங்காவு டீக்கடைக்காரர் அவன் தலை தெரிந்ததும் டீயை ஆற்றத் தொடங்கிவிடுவாராம். குழல்வாய்மொழி என் மூலைச் சுவரில் கரிக்கட்டையால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டு வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அறுபதாவது கோடு போட்டாள்.

ஆனால் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. போன வண்டியும் நாற்பத்துமூன்று வரை நன்றாகத்தான் ஓடியது. விரிசல் உள்ளே இருந்தால்? தீபாவளிக் காலையில் எல்லாரும் ஷெட்டில் கூடினோம். அவரவர் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் பழைய வேட்டியில் வந்தார். "வண்டி குளிச்சப்புறந்தான் நான் குளிப்பேன்" என்று ஆவுடைத்தாயிடம் சொல்லிவிட்டாராம். அவளும் வந்திருந்தாள். முதலாளி தம் பிள்ளைகளோடு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி முதலில் இரண்டு பிரேக்குக்கும் துணி கட்டினார். இசக்கியப்பன் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றான். பிறகு சூடான எண்ணெய். கழுத்தில் தொடங்கி, கட்டை விரலால் அழுத்தி. ஊறவைத்து, துடைத்து, குழைத்த விபூதியைக் குழல்வாய்மொழி தேங்காய்ச் சிரட்டையில் நீட்ட, கழுத்து முழுவதும் பூசினார். அது காய்ந்து வெளுத்தது. மேகத்துக்குள்ளிருந்து வெயில் வந்து வந்து போனது. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்வே?" என்றார் முதலாளி.

"அவசரப்படக்கூடாது மொதலாளி."

இன்னொரு அரை மணி. அப்போது குழல்வாய்மொழி என் கையை இறுகப் பிடித்தாள். வெள்ளைக்குக் கீழோரத்தில் ஒரு கோடு. பழுப்பு நிறம், தலைமுடி அளவு. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சிவசைலம் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். ஆவுடைத்தாய் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கிட்டப் போனேன். கோடு நகர்ந்தது.

"எறும்பு" என்றேன்.

"என்னது?"

"எறும்பு அண்ணாச்சி. எண்ணெய்க்கு வருது."

இசக்கியப்பன் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். "எறும்புதான்லே! விரிசல் என்ன, வரிசையா நடந்தா போகும்? மொதலாளி, வந்து பாருங்க, ஒண்ணு திரும்பி வருது!"

முதலாளி எழுந்து வந்து பார்த்தார். ஊதினார். எறும்புகள் பறந்தன. அடியில் வெள்ளைதான். அவர் அண்ணாச்சியின் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தம் புதுச் சட்டையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாவெல்லாம் கிளம்பின. "குடோனுக்கு வேற இடம் பாத்துக்கிடுதேன்" என்றார். ஆவுடைத்தாய் கணவனைப் பார்த்து, "போதும், வீட்டுக்கு வாங்க. இரும்பு குளிச்சிட்டு. மனுசன் எப்ப குளிக்க?" என்றாள். பழைய குரல் திரும்பியிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். முறிந்த நான்கு வண்டிக்காரர்களுக்கும் முதலாளி புதுச் சட்டம் செய்து அனுப்பினார். சீசனில் செய்து இன்னும் முறியாத வண்டிகளுக்கும் கடிதம் போட்டு வரவழைத்து மாற்றிக் கொடுத்தார். அடுத்து நடந்த பந்தயத்தில் எங்கள் வண்டி மூன்றாவதாக வந்தது. இசக்கியப்பன் மூன்றாவது வந்ததைச் சொல்லவில்லை. "கழுத்து நிக்குது" என்றுதான் தந்தி அடித்தான். வண்டி கேட்டுக் கடிதங்கள் வந்தன. இஞ்சின் பெட்டி தீர்ந்தபோது கோயம்புத்தூரில் வார்ப்படம் ஊற்றி இஞ்சின் செய்யவும் ஏற்பாடு ஆயிற்று. எந்த வண்டியும் குளிக்காமல் எங்கள் வாசலைத் தாண்டாது. அதற்கு ஷெட்டில் குளியல் என்றே பெயர். குளியல் முடிந்து அண்ணாச்சி தலையசைத்த பிறகுதான் வர்ணம்.

1960 ஆனியில் முதல் சாரல் விழுந்த வாரம் முதலாளி ஒரு நாள் விடுமுறை விட்டு எல்லாரையும் குற்றாலத்துக்கு லாரியில் ஏற்றிப் போனார். எலுமிச்சம்பழ லாரிதான். பத்தாம் வகுப்புப் புத்தகங்களைக் குழல்வாய்மொழி அன்றும் விடாமல் கொண்டு வந்தாள். நனையாமல் என் மடியில் வைத்திருந்தேன். பெண்கள் குளிக்கும் பக்கம் போகும் வழியில் நின்று பார்த்தேன். அந்தப் பழைய பாறையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அண்ணாச்சி குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு முட்டி போட்டிருந்தவன் இசக்கியப்பன்.

"அண்ணாச்சி, பிரேக்கு எங்கன இருக்குன்னு மொதல்ல சொல்லுங்க. துணி கட்டிடுதேன்."

"பேசாமத் தேயிலே. கட்ட விரல அழுத்து."

தேய்த்து முடிந்ததும் அவர் எழுந்து அருவியைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். பின்னாலிருந்து முதலாளியின் குரல் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"எங்கவே போறீரு? உக்காரும்வே! சூடு ஆறட்டும். கழுத்துல விரிசல் விட்டிரும்!"

அண்ணாச்சி நின்றார். திரும்பி வந்து, மறுபேச்சில்லாமல் பாறையில் உட்கார்ந்து, சாரலில் சிரித்துக்கொண்டே சூடு ஆறினார்.